கொரங்காட்டு மாட்டை மழைக்கும் பனிக்கும் வெளியிலேயே விடலாமா? இதை வைத்துப் பிழைக்க முடியுமா?

வேலாமரம்:

வணக்கமுங்க. வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் நடுவில் எங்களுக்கு 7 ஏக்கர் இருக்கிறது, எல்லாம் மானாவாரி, கிணற்றில் மழைக்காலத்துக்கு மட்டும்தான் தண்ணீர். அதில் 4 ஏக்கர் கொரங்காடு, அதாவது வேலி அடைத்த மேய்ச்சல் காடு. தாத்தா நட்ட கிளுவை வேலி, உள்ளே இருபது வெள்வேலா மரம், கொழுக்கட்டைப் புல்லும் இன்னும் அழியவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் 14 வருடம் கட்டிங்கில் இருந்துவிட்டு, போதும் என்று இந்தச் சித்திரையில் ஊருக்கு வந்துவிட்டேன். வீட்டுக்காரம்மா மட்டும் இன்னும் வேலைக்குப் போகிறார்.

அப்பா விட்டுப்போன இரண்டு பசு, கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் நான் வாங்கிய இரண்டு மயிலை (சாம்பல் நிறப் பசு), ஒரு செவலைக் கிடாரி, எல்லாம் காங்கயம் இனம்தான். ஒரு மயிலைக்குக் கார்த்திகையில் கன்று. இப்போது புரட்டாசி பாதி ஆகிவிட்டது. தீபாவளிக்குள் கொட்டகை போடாவிட்டால் மழையிலும் மார்கழிப் பனியிலும் மாடு விறைத்துச் செத்துப்போகும் என்று மாமா ஒருவர் தினமும் போன் போட்டுச் சொல்கிறார். இரும்புக் கம்பி, தகரம், சிமெண்ட் தரை எல்லாம் சேர்த்து 3 லட்சத்து 80 ஆயிரம் ஆகும் என்று ஆள் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். கையில் இருப்பதே 5 லட்சம்.

அப்பா மாட்டைக் கட்டுத்தரையில் கட்டி நான் பார்த்ததில்லை, எந்நேரமும் காட்டிலேயே கிடக்கும். ஆனால் அடைமழையில் என்ன செய்தார் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவர் மாடு பார்த்த காலத்தில் நான் திருப்பூருக்குப் பஸ் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்க அவர் இல்லை.

கேள்வி இரண்டுதான். ஐப்பசி முதல் தை வரை மாட்டை வெளியிலேயே விடலாமா? இந்த 7 ஏக்கரை வைத்து ஒரு குடும்பம் ஓட்ட முடியுமா? உண்மையில் செய்துகொண்டிருப்பவர்கள் சொல்லுங்கள், யூடியூப் பார்த்துவிட்டுச் சொல்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.


தட்டுப்போர்:

தம்பி, கொட்டகைக்காரரைத் திருப்பி அனுப்புங்கள். எனக்கு 61 வயது, தாராபுரம் பக்கம். எங்கள் மாடு இன்றைக்கும் பட்டப்பகலும் ராத்திரியும் காட்டில்தான். நம் ஊர் மார்கழிக் காலையில் குளிர் என்ன பெரிதாக, 20 டிகிரியை ஒட்டி இருக்கும். காங்கயம் மாட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வெயில் ஏறினால் முதுகு காயக் காய நின்றுகொண்டிருக்கும், பார்க்கவே நன்றாக இருக்கும்.

உங்கள் மாமா சொல்வதில் பாதி சரி. தண்ணீரும் காற்றும் சேர்ந்து வந்தால்தான் மாடு சோர்ந்துபோகும். ஆனி ஆடியில் நமக்குக் காற்று பாலக்காட்டுக் கணவாயிலிருந்து மேற்கே வருகிறது, ஐப்பசியில் அப்படியே திரும்பி வடகிழக்கிலிருந்து சாரலோடு வரும். வேலியை இன்றைக்கே நடந்து பாருங்கள். வடக்கும் கிழக்கும் கிளுவை அடர்த்தியாக இருக்கிறதா, நடுவில் செத்து ஓட்டை விழுந்திருக்கிறதா? ஓட்டை இருந்தால் இந்த வருடத்துக்கு அந்த இடத்தில் தென்னங்கீற்றுப் படல் கட்டிவிடுங்கள், அடுத்த வருடம் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டுக்கொள்ளலாம். மாட்டுக்கு எங்கே ஒதுங்க வேண்டும் என்று அதற்கே தெரியும். வேலியை ஒட்டி, சரளை மேட்டில், காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும். கயிற்றில் கட்டிவைத்தால்தான் சேற்றிலேயே நின்று கெட்டுப்போகும்.

அப்புறம் முக்கியமானது. முதல் மழை விழுந்ததும் 4 ஏக்கரிலும் மாட்டை விட்டு மேய்த்தீர்கள் என்றால் உங்கள் கதை மாசியோடு முடிந்தது. புல் துளிர்க்கும் நேரத்தில் வாய் வைத்தால் வேரோடு போகும், ஈர மண்ணில் குளம்பு பட்டால் அந்த இடம் களிமண் தரைபோல இறுகிப்போகும். காட்டை மூன்றோ நான்கோ துண்டாகத் தடுங்கள். மேடான மூலையில் அரை ஏக்கரை மழைக்கென்றே விட்டுக்கொடுத்துவிடுங்கள், அது இந்த வருடம் பாழாகத்தான் போகும், போகட்டும். மாடு அங்கே நின்று தட்டு (காய்ந்த சோளத்தாள்) தின்னட்டும். மற்ற துண்டுகளில் புல் பூ வைத்து விதை உதிர்த்த பிறகு ஒன்றொன்றாகத் திறந்துவிடுங்கள். எங்கள் ஐயா கார்த்திகை தீபம் வரைக்கும் பெரிய காட்டுக் கடவைத் திறக்க விடமாட்டார், திறந்தவனுக்கு அடி.

தட்டு இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவே இல்லையே?


கலப்பினம்10:

அண்ணா, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நான் எதிர்க்கட்சி. என்னிடம் 10 கலப்பினப் பசு, ஜெர்சியும் எச்.எஃப்.பும். கொட்டகை, மேட், தீவனம் நறுக்கும் சாஃப் கட்டர், கறவை மிஷின் எல்லாம் உண்டு. காங்கயம் கன்று போட்டால் 2, 3 லிட்டர் கறக்கும், அதிலும் கன்றுக்குப் போக என்ன மிஞ்சும்? அழகுக்கு வைத்துக்கொள்ளலாம், பிழைப்புக்கு எப்படி? நான் நாளைக்கு 90 லிட்டர் ஊற்றுகிறேன்.

ஆனால் என் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2024-ல் ஆவின் கொள்முதல் 35 ரூபாய், ஊக்கத்தொகை 3 ரூபாய். கொழுப்பு குறைந்தால் அதிலும் வெட்டு. வருகிற பணத்தில் பாதிக்குமேல் தீவன மூட்டைக்காரருக்கே போகிறது. காலை நாலு மணி, மாலை மூன்று மணி, மாமியார் செத்தாலும் கறந்துவிட்டுத்தான் போக வேண்டும் (உண்மையிலேயே அப்படித்தான் போனேன்). தண்ணீர் இல்லாத 7 ஏக்கரில் இதைச் செய்யாதீர்கள். பசுந்தீவனம் விலைக்கு வாங்கிக் கலப்பினம் வளர்ப்பவன் மூன்றாவது வருடம் மாட்டை விற்றுவிடுவான், எனக்குத் தெரிந்தே நான்கு பேர்.


பட்டிக்காரி:

மூலனூர்ப் பக்கம்தான் நானும். 8 ஏக்கர், 5 காங்கயம், 30 செம்மறி. வீட்டுக்காரர் லாரிக்குப் போகிறார், பட்டி என் பொறுப்பு. இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நோட்டில் எழுதி வைக்கிற ஆள் நான்தான்.

போன வருடம் குட்டி விற்றது 1,95,000. கன்று மூன்று விற்றது 75,000. பால் ஊருக்குள் நான்கைந்து வீட்டுக்கு ஊற்றியது 48,000. எரு எட்டு டிராக்டர் 28,000. ஆக 3,46,000. செலவு: தட்டு 55,000, தவிடு புண்ணாக்கு 48,000, மருந்து ஊசி 14,000, வேலி, படல், கூலி எல்லாம் 30,000. மிச்சம் 1,99,000. மாதத்துக்கு 16,500 சொச்சம், என் கூலி அதில் சேராது. இதை மட்டும் வைத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாது. லாரிச் சம்பளத்தோடு சேர்த்தால் கடன் இல்லாமல் இருக்கிறோம். உங்கள் வீட்டம்மாவை இப்போதைக்கு வேலையை விடச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான் என் கருத்து.

கூர்ந்து பாருங்கள், வருமானத்தில் பெரியது ஆடு, மாடு இல்லை. மாடு தின்று விட்ட அடிப்புல்லை ஆடு தின்னும், கோடையில் உதிர்கிற வேலங்காய் ஆட்டுக்கு முக்கால் தீவனம், தின்று போட்ட புழுக்கையிலிருந்தே அடுத்த வேலாச்செடி முளைக்கும். பட்டியை மூன்று நாளைக்கு ஒருமுறை நகர்த்தி அடைத்தால் சோளக்காட்டுக்குத் தனியாக உரம் வேண்டாம். 20 செம்மறி வாங்குங்கள், கன்னிவாடிச் சந்தைக்குப் போனால் கிடைக்கும், தரகருக்கு முன்னால் ஆசையாகப் பார்க்காதீர்கள்.

நாயைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வெள்ளகோவில், காங்கயம், தாராபுரம் மூன்று பக்கமும் இப்போது தெருநாய்தான் பயம், ஒரே ராத்திரியில் பட்டியையே கடித்துப் போட்டுவிடுகிறது. படலுக்குக் கீழே கை நுழைகிற இடைவெளிகூட இருக்கக்கூடாது.

மழையில் மாடு வெளியே இருக்கலாம். கன்று இருக்கக்கூடாது. மூன்று வருடத்துக்கு முன்னால் கார்த்திகையில் விடாமல் தூறல், ராத்திரி ஈன்றுவிட்டது. பசு கன்றை எங்கேயோ புதரில் மறைத்துவைத்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல எங்களோடு நின்றுகொண்டிருக்கிறது. டார்ச் அடித்துத் தேடினால் வேலாமரத்தடியில், ஈன்ற ஈரத்தோடு, மழையும் சேர்ந்து, தலையைத் தூக்கக்கூட இல்லை. வாய்க்குள் விரலை விட்டேன், உள்ளேயே சில்லென்று இருந்தது. சாக்கில் சுற்றி அடுப்படிக்குத் தூக்கிவந்து, தேய்த்து, சீம்பாலைக் கறந்து பாட்டிலில் புகட்டிப் பார்த்தோம், உறிஞ்சவே தெரியவில்லை. விடியும்போது போய்விட்டது. கிடாரிக் கன்று. அந்த மாசமே 18,000 செலவில் பத்தடிக்குப் பத்தடி ஒரு சாளை (சிறு குடிசை) போட்டேன், மூன்று பக்கம் கீற்று, தெற்கு மட்டும் திறப்பு, தரையில் ஒரு முழம் சரளை கொட்டி மேலே காய்ந்த சருகு. ஈனப்போகிற மாடு மட்டும் உள்ளே. மற்றதெல்லாம் வெளியேதான்.


ஊசி தாத்தா:

கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன். மேலே அம்மணி சொன்னது நூற்றுக்கு நூறு. வாய்க்குள் குளிர்ந்தால் கன்றுக்கு உடல்சூடு இறங்கிவிட்டது என்று அர்த்தம், முதலில் சூடேற்ற வேண்டும், அப்புறம்தான் பால். உறிஞ்சாத கன்றின் வாயில் பாலை ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், தொப்புளில் அயோடின், இந்த இரண்டையும் மறக்காதீர்கள்.

வேலாமரம் தம்பிக்கு: தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஊசி மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி வர இரண்டு மூன்று வாரம் ஆகும், அதனால் நாளைக்கே மருந்தகத்துக்குப் போங்கள். கோமாரி ஊசி முகாமை விட்டிருந்தால் அதையும் கேளுங்கள். ஆடு வாங்குவதாக இருந்தால் நீலநாக்கு ஊசி போடாமல் மழைக்காலத்தில் பட்டியில் சேர்க்காதீர்கள், அது கொசு மாதிரியான பொடிப்பூச்சி கடித்து வருவது, மழை விட்டதும் கிளம்பும். சாயங்காலம் வேப்பந்தழைப் புகை போடுவது நல்ல பழக்கம், ஆனால் ஊசிக்குப் பதில் அது இல்லை.

இன்னொன்று. சோளம் அறுத்த காட்டில் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும் குருத்தை மாட்டுக்கு விடாதீர்கள். காய்ந்து வாடி, பிறகு ஒரு தூறலில் துளிர்த்தது என்றால் விஷம் இன்னும் அதிகம். தின்று கால் மணி நேரத்தில் நுரை தள்ளி விழுந்த மாடுகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன், டாக்டர் வந்து சேருவதற்குள் முடிந்துவிடும். என் சர்வீஸில் பனியால் செத்த காங்கயம் மாட்டை ஒன்றுகூடப் பார்த்ததில்லை.


பனிநாட்டுப் பட்டி:

தம்பி, நான் மட்டக்களப்பு ஆள், இப்போது கனடாவில் மனிடோபா. இறைச்சி மாட்டுப் பண்ணையில் வேலை, 120 ஆங்கஸ் பசுக்கள். இங்கே ஜனவரியில் சில நாள் மைனஸ் 30 போகும். அந்த 120 பசுவும் குளிர்காலம் முழுவதும் வெளியில்தான் நிற்கின்றன, வந்த புதிதில் எனக்கே நம்ப முடியவில்லை. முதுகில் பனி விழுந்து உருகாமல் அப்படியே கிடக்கும். அவ்வளவு ரோமம், உள்சூடு வெளியே வருவதில்லை.

இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. குளிர்கால ரோமம் நன்றாக வளர்ந்து காய்ந்திருந்தால் மைனஸ் 8 டிகிரி வரை மாட்டுக்குக் கூடுதல் தீனிகூடத் தேவையில்லை. அதே ரோமம் நனைந்துவிட்டால் பிளஸ் 15 டிகிரியிலேயே உடம்பு குளிரோடு சண்டைபோடத் தொடங்கிவிடும். அதனால் என் முதலாளி பனிப்புயலைவிட ஏப்ரல் மாத மழைக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்.

செய்வதெல்லாம் நாலு காரியம்தான். காற்றுத் தடுப்புக்குப் பலகை வேலி, அதிலும் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி விடுவோம், முழுக்க அடைத்தால் காற்று மேலே ஏறிக் குதித்து மறுபக்கம் சுழன்று அடிக்கும் (உங்கள் கிளுவை வேலி இதைத் தானாகவே செய்கிறது). படுக்க வைக்கோல். தீனியைப் பின்னேரம் போடுவது, இரவெல்லாம் வயிற்றில் புளித்துச் சூடு தரும். உலர்புல் உருளைகளை இலையுதிர் காலத்திலேயே வயலில் வரிசையாக வைத்துவிட்டு, மின்வேலியை நகர்த்தி நாலைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் திறந்துவிடுவோம், சாணம் அந்தந்த இடத்திலேயே விழும், டிராக்டர் டீசலும் மிச்சம். கன்று போடுவதைச் சில பண்ணைகளில் பெப்ரவரியிலிருந்து மேக்கு மாற்றிவிட்டார்கள். அதை நீங்களும் செய்யலாம். சினைக்காலம் ஒன்பது மாதமும் பத்து நாளும், தை மாசியில் சினை ஊசி போடாமல் விட்டால் ஐப்பசி கார்த்திகையில் கன்று வராது.

ஊரில் எங்கள் மாமாவும் பட்டி வைத்திருந்தவர். பெரும்போகம் (மாரிகால நெல்) விதைத்ததும் ஊருக்குள் மாட்டுக்கு இடம் இல்லை, மாரி முழுக்க மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு அறுவடைக்குப் பிறகுதான் திரும்புவார்கள். கொட்டகை என்ற சொல்லே அங்கே இல்லை. இப்போது அந்த மேய்ச்சல் தரைக்கே சண்டை. சொந்தமாக 4 ஏக்கர் புல் வைத்திருக்கிறீர்கள், அது எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும்.


வேலாமரம்:

எல்லோருக்கும் நன்றிங்க. கொட்டகைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஊசி நேற்றுப் போட்டாயிற்று.

தட்டுப்போர் ஐயா கேட்டதற்கு: தட்டு 150 கட்டுதான் இருக்கிறது. போதுமா?


தட்டுப்போர்:

கட்டு என்ன எடை? ஒரு மாட்டுக்கு நாளைக்குக் காய்ந்த தீவனம் 6, 7 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். கிடாரியோடு சேர்த்து ஐந்து உருப்படிக்கு 30 கிலோ, 100 நாளைக்கு 3 டன். உங்கள் 150 கட்டு ஆளுக்கு ஆள் மாறும் எடையில் 1 டன்கூட வராது என்று நினைக்கிறேன். அந்தக் கொட்டகைப் பணத்தில் இன்றைக்கே தட்டு வாங்குங்கள், மழை பிடித்துவிட்டால் விலையும் ஏறும், வண்டியும் காட்டுக்குள் இறங்காது. போரை மேட்டில், கல் பரப்பி, கட்டையைக் குறுக்கே போட்டு அதன்மேல் அடுக்குங்கள். உச்சியைக் கூர்மையாகக் கூட்டி முடியுங்கள். நனைந்து கறுத்த தட்டை மாடு முகர்ந்துபார்த்துவிட்டு நம்மை ஒரு பார்வை பார்க்கும், அதற்கு நாம் கொட்டகையே கட்டியிருக்கலாம்.


வேலாமரம்:

பொங்கல் முடிந்து எழுதுகிறேன். தட்டு 2 டன் வாங்கினேன். பட்டிக்காரி அக்கா சொன்ன அளவில் ஒரு சாளை போட்டேன், கூலியோடு 21,000 ஆனது. வடக்கு வேலியில் 40 அடிக்குப் படல்.

ஐப்பசிக் கடைசியில் நான்கு நாள் விடாத மழை. முதல் ராத்திரி நான் தூங்கவில்லை, குடையைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை போய்ப் பார்த்தேன். நான்கு பசுவும் படலை ஒட்டி வரிசையாக, தலையைத் தொங்கப்போட்டு அசைபோட்டுக்கொண்டிருந்தன, கழுத்தடியில் கை வைத்தால் கதகதப்பாகத்தான் இருந்தது. செவலைக் கிடாரி மட்டும் நட்டநடுக் காட்டில் தனியாக மழையில் நின்றது, ஓட்டி வந்து சேர்த்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி அங்கேயே போய் நிற்கும். அப்படியே விட்டுவிட்டேன். அதற்குக் காய்ச்சல்கூட வரவில்லை, எனக்குத்தான் வந்தது.

மயிலை கார்த்திகை 18 அன்று சாளையில் ஈன்றது. காளைக்கன்று, இப்போது செந்நிறமாக இருக்கிறான், ஆறு மாதத்தில் அம்மா நிறத்துக்கு வந்துவிடுவான் என்கிறார்கள். ஒரு பசுவுக்கு மட்டும் முன்னங்கால் குளம்பு இடுக்கில் புண் வந்தது, அந்த அரை ஏக்கர் மூலை கடைசியில் முழங்கால் அளவு சேறாகிவிட்டது, அடுத்த வருடம் சரளை கொட்ட வேண்டும். மூன்று துண்டில் புல் விதை உதிர்த்துவிட்டது, ஒன்றைத் திறந்துவிட்டிருக்கிறேன். ஆடு இன்னும் வாங்கவில்லை, படலுக்கு அடியில் கம்பிவலை கட்டிய பிறகுதான்.

கணக்கு நோட்டு நானும் போட்டுவிட்டேன். இதுவரை வரவுப் பக்கத்தில் பால் 3,400 ரூபாய் மட்டும், அதைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள்.

வடக்கு வேலி ஓட்டைக்குக் கிளுவைப் போத்து 200 வேண்டும். பக்கத்தில் யாரிடமாவது கிடைக்குமா?


பட்டிக்காரி:

மாசியில் நாங்கள் வேலி கழிக்கிறோம், 200 என்ன, 400 வந்து எடுத்துக்கொள்ளுங்கள். காசு வேண்டாம். டெம்போவும் வெட்ட இரண்டு ஆளும் நீங்கள் கொண்டுவர வேண்டும், சாப்பாடு என் வீட்டில்.